பிரஷர் யார் பக்கம்?

இறந்துபோன டிரைவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது என்பதை அவர் குடும்பத்தின் நட்டஈட்டு வழக்கில் நிரூபித்தவன் நான்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டில் 150/96, 146/94, 158/100 என்று குறித்திருந்த அளவுகள், பக்கத்தில் அம்லோடிபின் மாத்திரைக் குறிப்பு. அதை மனுதாரர் தரப்புச் சான்றாவணமாக நானே குறியீடு செய்யக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து, "ஆட்சேபணை இல்லை" என்றார். ஆட்சேபிக்க அவருக்கு என்ன இருக்கிறது? அவர் தேடி அலைய வேண்டிய காகிதம் தானாக வந்து சேர்ந்துவிட்டது.

அந்தச் சீட்டை வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரைவரின் மனைவி முதல் தடவை வந்தபோது இறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் பையில் இருந்தன. மாத்திரைச் சீட்டு மட்டும் இல்லை. கேட்டதற்கு, "அவருக்கு ஒண்ணும் இல்ல சார், கல்லு மாதிரி இருந்தாரு" என்றார். கூட வந்த அண்ணன் தலையாட்டினார். பேச்சு வளர்ந்த பிறகுதான் விஷயம் வந்தது. "பிரஷர் இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஒரு பைசா தேறாதுன்னு சொல்றாங்க சார். அதான் எங்க அண்ணன் காட்ட வேணாம்னாரு."

"அதுதாம்மா நம்ம கேஸே" என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த வாரம் சீட்டு வந்தது.

எங்கள் ராஜகுளம் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையோரத்து ஊர். ஒரு பக்கம் காஞ்சிபுரம், மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள். உத்திரமேரூர், வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் நிலத்தை நம்பியிருந்த குடும்பங்களில் ஒருவராவது இன்றைக்கு ‘கம்பெனி பஸ்’ ஏறுகிறார். ஏறுகிறவர்களைப் பற்றிப் பேச ஆள் உண்டு, சங்கம் உண்டு. ஓட்டுகிறவர் யாருடைய ஆள்? தொழிற்சாலை, டிராவல்ஸுக்கு ஒப்பந்தம் கொடுக்கும். டிராவல்ஸ்காரர் வண்டியைக் கடனில் எடுத்து டிரைவரைப் போடுவார். டிரைவருக்கு மாதச் சம்பளம், டிரிப்புக்குப் பேட்டா. கம்பெனி கேன்டீனில் சாப்பாடு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த டிரைவருக்கு வயது 46. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலைத் தாண்டி முதல் ஆளை ஏற்றி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இறக்குவது அவருடைய ரூட். மூன்று ஷிப்ட்டு. காலை ஆறு மணி ஷிப்ட்டுக்கு விடியற்காலை நாலேகாலுக்கு முதல் ஸ்டாப்பில் வண்டி நிற்க வேண்டும். இறக்கிவிட்டு, இரவு ஷிப்ட்டு முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். மதியம் இரண்டு மணி ஷிப்ட்டுக்கு மறுபடி அதே போக்குவரத்து. இரவு பத்து மணிக்கு மறுபடி. கடைசி ஆளை இறக்கிவிட்டு வண்டியை ஓரம் கட்டும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

இது ஒரு டிரைவர் பார்க்கிற வேலை இல்லை. இரண்டு டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டிய வண்டிதான். இன்னொருவர் கால் டாக்ஸி ஓட்டப் போய்விட்டார். ‘ஆக்டிங் டிரைவர் போடறேன், ரெண்டு நாள் பாத்துக்கோ’ என்று டிராவல்ஸ்காரர் சொன்னது வாரக்கணக்கில் நீண்டது. வண்டி தாமதமானால் தொழிற்சாலை டிராவல்ஸ் பில்லில் பிடித்தம் செய்யும். டிராவல்ஸ்காரர் அதை டிரைவர் பேட்டாவில் பிடிப்பார். நாற்பது பேர் நேரத்துக்கு உள்ளே போகாவிட்டால் அங்கே லைன் நிற்கும். வாலாஜாபாத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தாலும், ஏதோ ஓர் ஊரில் திருவிழா என்று சாலையை மறித்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்டியரிங் பிடித்தவர்தான்.

2017 கோடையில் ஒருநாள் மதிய ஷிப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, தொழிற்சாலை பார்க்கிங்கில் காத்திருந்தபோது பக்கத்து வண்டி டிரைவரிடம் மண்டை பிளக்கிறது என்று சொல்லியிருக்கிறார். வாந்தி எடுத்திருக்கிறார். சீட்டில் சாய்ந்தவரை எழுப்பினால் வலது கை விழுந்துவிட்டது. 108 வந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போனது. சேர்த்தபோது அளவு 220/130. சி.டி. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு. நினைவு திரும்பாமலேயே போய்விட்டார்.

டிராவல்ஸ்காரர் காரியத்துக்கு இருபதாயிரம் கொடுத்தார். கொடுத்தபோது முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்தும் வாங்கினார்: ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்.’ இந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் வக்கீல் வீட்டுப் படியேறுவதே இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. 8ஆம் பிரிவுப்படி மரண நட்டஈட்டை, இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், நேரில் கையில் கொடுத்தது நட்டஈட்டுக் கணக்கிலேயே சேராது. முத்திரைத்தாள் செலவு டிராவல்ஸ்காரருக்கு நஷ்டம்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்துக்கு நட்டஈடு என்கிறது. தொழில்சார் நோய்களுக்குத் தனிப்பட்டியல் உண்டு, மூன்றாம் அட்டவணை. ஈய நஞ்சு, கல்நார் நோய் எல்லாம் அதில் உள்ளன. உயர் ரத்த அழுத்தம் இல்லை. ஆகவே மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததை ‘விபத்து’ என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே கொண்டுவர முடியும். பஸ் எதிலும் மோதவில்லை, ஆள் சீட்டில் உட்கார்ந்தபடி சாய்ந்தார். இது விபத்தா?

இந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1910இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபைக்கு வந்த க்ளோவர் க்ளேட்டன் வழக்கில், ஒரு தொழிலாளி ஸ்பானரால் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது செத்து விழுந்தார். பெருந்தமனி ஏற்கெனவே வீங்கி, எந்நேரமும் வெடிக்கும் நிலையில் இருந்தது. தூங்கும்போதுகூட வெடித்திருக்கலாம் என்றார்கள் மருத்துவர்கள். ஆனால் அன்றைக்கு வெடித்தது நட்டு முறுக்கியபோது. அது விபத்துதான், நட்டஈடு உண்டு என்று தீர்ப்பு. நம் நாட்டில் பம்பாய் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு எதிராக லட்சுமிபாய் ஆத்மாராம் தொடுத்த வழக்கு, 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. இதய நோயுள்ள இரவுக் காவலர் பணியில் இறந்தார். தலைமை நீதிபதி சாக்ளா சொன்னதன் சாரம்: நோய் மட்டுமே காரணமென்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை. வேலையும் ஒரு காரணம், அல்லது வேலை மரணத்தை விரைவுபடுத்தியது என்றால் பொறுப்பு உண்டு.

இப்போது புரியும், அந்தச் சீட்டை நான் ஏன் மறைக்கவில்லை என்று. கல் போல இருந்த ஆள் திடீரென்று மூளையில் ரத்தம் கசிந்து செத்தார் என்றால் வேலைக்கும் சாவுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. ரத்தக்கொதிப்பு உள்ளவர், வாரக்கணக்கில் சரியாகத் தூங்காமல் ஓட்டினார், ரத்தக்குழாய் வெடித்தது என்றால் கண்ணி கோத்துக்கொள்கிறது. பிரஷர் இருந்தது என்பது முதலாளிக்குத் தப்பும் வழி என்று ஊரே நினைக்கிறது. கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள், வக்கீல்களிலும் பாதிப்பேர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நோயுள்ள ஆளை வேலைக்கு வைத்தால் அந்த உடம்போடுதான் வைத்திருக்கிறீர்கள்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா வரவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டைக் கையில் வைத்திருந்தார். 2006ஆம் ஆண்டு ஜோதி ஆதெம்மா வழக்கு: நெல்லூரில் பணியின்போது மாரடைப்பில் இறந்தவரின் மனைவி கேட்ட நட்டஈடு மறுக்கப்பட்டது. சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான் அவர் வேலை, அதில் என்ன சிரமம் என்றது தீர்ப்பு. இரண்டாவது சகுந்தலா சந்திரகாந்த் ஸ்ரேஷ்டி வழக்கு: இறந்தவர் வண்டி கிளீனர். பணியில் இருந்தார் என்பது மட்டும் போதாது, வேலையின் அழுத்தம் மரணத்துக்கு எப்படிக் காரணமானது என்று காட்ட வேண்டும், காட்டவில்லை என்று தள்ளுபடி.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் தொழிலாளர் வக்கீல்கள் திட்டுவது வழக்கம். நான் திட்டுவதில்லை. மனு எழுதுவது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை அவைதான். நம் பக்கத்து மனுக்களில் டைப்பிஸ்டுக்கே மனப்பாடமான ஒரு வரி உண்டு: ‘கடும் பணிச்சுமை மற்றும் மன உளைச்சல் காரணமாக.’ எந்தப் பணி, எத்தனை மணி நேரம், கடைசி மாதத்தில் என்ன மாறியது, ஒன்றும் இருக்காது. ஆணையர் ஒரு நாளைக்குப் பத்து மனுவில் அந்த வரியைப் பார்க்கிறார். பதினோராவது மனுவில் அதை ஏன் நம்ப வேண்டும்? நான் அந்த வரியை எடுத்துவிட்டு மணிக்கணக்கை எழுதினேன்.

மணிக்கணக்கு எங்கே கிடைக்கும் என்பது அடுத்த பாடு. வழக்கு தொடங்கும்போது டிராவல்ஸ்காரர் எங்களுக்கு அனுகூலமாகத்தான் இருந்தார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, டிரைவருக்கான நட்டஈட்டை அந்தப் பாலிசி தாங்கும், கம்பெனி கட்டட்டும் என்பது அவர் கணக்கு. ‘ஆமாம், என் டிரைவர்தான், என் வேலையில்தான் இருந்தார்’ என்று எதிருரையில் ஒப்புக்கொண்டார். டிரிப் ஷீட்டைக் கேட்டதும் முகம் மாறியது. ஏன் என்றால், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மோட்டார் போக்குவரத்து நிறுவனத்துக்கு அப்போது 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொருந்தியது. நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது, அரைமணி ஓய்வு. வேலையும் ஓய்வும் சேர்ந்து மொத்த விரிவு பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். வேலையைத் துண்டு போட்டால் இரண்டு துண்டுதான். எங்கள் டிரைவருக்கோ விடியற்காலை நாலேகாலில் தொடங்கி நள்ளிரவு வரை மூன்று துண்டு. ஷீட்டைக் கொடுத்தால் டிராவல்ஸ்காரரே மாட்டுவார். ‘மழையில் நனைந்து போச்சு’ என்றார். கோடை மழை.

தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி ஒரு ரெஜிஸ்டர் வைத்திருப்பார். உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் எண், வந்த நேரம், போன நேரம், டிரைவர் கையெழுத்து. ஆணையருக்கு 23ஆம் பிரிவில் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு, சாட்சியை அழைக்கலாம், ஆவணத்தை வரவழைக்கலாம். மனுப் போட்டேன். தொழிற்சாலை இந்த வழக்கில் கட்சியே இல்லை, அதனால் அவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை. மனிதவளத் துறையிலிருந்து ஒரு இளைஞர் நான்கு தடித்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரே வண்டி எண், ஒரே கையெழுத்து, அதிகாலை, மதியம், இரவு. நாள் தவறாமல். கையெழுத்தும் போகப் போகக் கோணலாகிக்கொண்டே வந்தது. இதை நான் வாதத்தில் சொல்லவில்லை, ஆணையர் தாமாகவே பார்த்தார்.

எதிர்த்தரப்பு இதற்கும் பதில் வைத்திருந்தது. "ஸ்டியரிங் பிடித்தது ஒன்பது மணி நேரம்தான். நடுவில் மணிக்கணக்கில் பார்க்கிங்கில் படுத்துத் தூங்கியிருக்கிறார். ஓய்வு கிடைத்திருக்கிறது" என்றார் வக்கீல். பக்கத்து வண்டி டிரைவர் சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்: "மே மாசம் பஸ்ஸுக்குள்ள பகல்ல எப்படிங்க தூங்கறது? கதவத் திறந்தா கொசு, மூடுனா வெந்துடும். கண்ண மூடுனா மூணு மணி டிரிப் போயிடுச்சோன்னு திடுக்குன்னு எந்திரிப்போம்." வாக்குமூலத்தில் இது ‘பகலில் சரியான உறக்கம் இருக்காது’ என்று பதிவானது.

இனி மருத்துவர். செங்கல்பட்டிலிருந்து கேஸ் ஷீட்டோடு வந்த இளம் மருத்துவர் நேர்மையானவர். நமக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார் என்பது முதல் பதிலிலேயே தெரிந்தது. குறுக்கு விசாரணை சுருக்கமாகத்தான் நடந்தது.

"இறந்தவருக்கு நெடுநாளாக ரத்தக்கொதிப்பு இருந்தது?"

"ஆமாம்."

"சிகிச்சை பெறாத ரத்தக்கொதிப்பால் மூளையில் ரத்தம் கசியலாம்?"

"கசியலாம்."

"வீட்டில் தூங்கும்போதுகூட நடந்திருக்கலாம்?"

"நடந்திருக்கலாம்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் மறுவிசாரணைக்கு எழுந்தேன். நடந்திருக்கலாம் என்பதற்கு 1910ஆம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது. எனக்குத் தேவை தூக்கத்துக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்பது. மருத்துவர் எளிமையாகச் சொன்னார். நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகல் அளவிலிருந்து பத்து முதல் இருபது சதவீதம் இறங்கும். ரத்தக்குழாய்களுக்கு அதுதான் ஓய்வு. தூக்கம் துண்டு துண்டாகிப்போனால் அந்த இறக்கம் நடக்காது. நெருக்கடியில் அட்ரீனலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், குழாய்கள் சுருங்கும். அது நாலு நிமிடம் இருந்து அடங்கினால் தொல்லையில்லை. வாரக்கணக்கில் அடங்காமலேயே இருந்தால், ஏற்கெனவே கொதிப்பு உள்ளவருக்கு அளவு ஏறிக்கொண்டே போகும்.

"மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்கிறார்களே?" என்று கேட்டேன். மருத்துவர் சீட்டைப் பார்த்தார். மாதாமாதம் வந்து வாங்கியவர், கடைசி இரண்டு மாதம் வரவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பது பகலில். அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது கேட் ரெஜிஸ்டரில் இருக்கிறது. மாத்திரை விட்டதும் வேலையால்தான் என்று நான் வாதிட வேண்டிய அவசியமே வரவில்லை, இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கடைசியாக மருத்துவர் சொன்னதுதான் இந்த மாதிரி வழக்குகளில் ஒரு மருத்துவர் சொல்லக்கூடிய உச்சம்: "வேலைதான் ஒரே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. வேலைக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரத்தக்கொதிப்பு உள்ள ஒருவர் இப்படிப்பட்ட நேரங்களில் ஓட்டினால் ஆபத்து கூடும்." கொலை வழக்கென்றால் இந்தப் பதிலோடு விடுதலை. நட்டஈட்டு வழக்கில் நிகழ்தகவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே கேள்வி. அது சாய்ந்துவிட்டது.

உடம்பைப் பற்றி மருத்துவ உலகம் நீதிமன்றத்தை விடக் கொஞ்சம் துணிச்சலாகவே பேசியிருக்கிறது. பஸ் டிரைவர்களைப் பற்றியே ஆய்வுகள் இருந்ததால் அவற்றைத் தேடுவதில் நான் ஆர்வமாக இறங்கினேன். லண்டன் பஸ்களில் டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டு ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களுக்குத்தான் இதய நோய் அதிகம். அவர் அதற்கு உடலுழைப்பின்மையைக் காரணம் காட்டினார். 1980களில் சான் பிரான்சிஸ்கோ நகர பஸ் டிரைவர்களைப் பார்த்தவர்கள், மற்ற வேலைக்காரர்களை விட அவர்களிடம் ரத்தக்கொதிப்பு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். ராபர்ட் கராசெக் 1979இல் சொன்ன கருத்து இரண்டுக்கும் பொருந்துகிறது: வேலையின் நெருக்குதல் மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை, நெருக்குதல் அதிகமாகவும் தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மன உளைச்சல் முற்றுகிறது. 1990இல் நியூயார்க் பணியிடங்களில் நடந்த ஆய்வு, அப்படிப்பட்ட வேலையில் இருந்த ஆண்களிடம் ரத்தக்கொதிப்பு அதிகம் என்று காட்டியது. ரயில்வே கேட்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய நம் டிரைவரை நினைத்துக்கொள்ளுங்கள். நேரம் அவருடையது அல்ல, ரூட் அவருடையது அல்ல, பிடித்தம் மட்டும் அவருடையது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அளக்கும்போது சரியாகவும், வேலையிடத்தில் உயர்ந்தும் இருக்கும் ரத்தக்கொதிப்பு பலருக்கு உண்டு. மருத்துவர்கள் அதை மறைந்திருக்கும் ரத்தக்கொதிப்பு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முகாமில் ‘நார்மல்’ என்று எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி ஒரு வழக்கை யாராவது மறுத்தால், இது நினைவிருக்கட்டும்.

வழக்குக்கு வருகிறேன். நான் சார்ந்து நின்ற தீர்ப்பு பரம்பால் சிங் வழக்கு, 2012 டிசம்பர். லாரி டிரைவர், வயது 45. டில்லியிலிருந்து ஜார்கண்டில் உள்ள நிமியாகாட்டுக்கு 1152 கிலோமீட்டர். போய்ச்சேரும் நேரத்தில் உடம்பு முடியாமல் சாலையோர ஓட்டல் அருகே வண்டியை நிறுத்தினார், மயங்கினார், இறந்தார். உயர் நீதிமன்றம் நட்டஈட்டை மறுத்தது. உச்ச நீதிமன்றம் கொடுத்தது. தொலைதூரம் தொடர்ந்து ஓட்டியதன் களைப்பும் அழுத்தமும் மரணத்துக்குக் காரணம் என்று கொள்ளலாம் என்றது. தீர்ப்பை எழுதியவர் நம் காரைக்குடியைச் சேர்ந்த நீதிபதி இப்ராஹிம் கலீபுல்லா. எதிர்த்தரப்பு சொன்ன ஆதெம்மா வழக்கை நான் மறுக்கவே இல்லை. அங்கே சுவிட்ச், இங்கே ஸ்டியரிங். அங்கே வேலையின் சிரமத்துக்குச் சாட்சியமில்லை, இங்கே நான்கு நோட்டுகள். பார்க்கிங்கில் சாய்ந்தார் என்பதும் தடையாகவில்லை. அடுத்த டிரிப்புக்குக் காத்திருப்பதும் டிரைவர் வேலைதான்.

ஆணையர் மனுவை அனுமதித்தார். இனிக் கணக்கு, எனக்குக் கோபம் வரும் பகுதி. மரணத்துக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 46 வயதுக்குக் காரணி 166.29. சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் அன்றைக்குச் சட்டம் கண்ணில் கண்டது 8000 ரூபாய் மட்டுமே. 4000ஐ 166.29ஆல் பெருக்கினால் ரூ.6,65,160. ஈமச்செலவு 5000. முப்பது நாளுக்கு மேல் தாமதித்ததற்கு 12 சதவீத வட்டி. அதே மனிதர் அதே வயதில் 2020 ஜனவரி 3க்குப் பிறகு இறந்திருந்தால், உச்சவரம்பு 15,000 ஆகிவிட்டதால் தொகை ரூ.12,47,175. உயிரின் விலை ஓர் அறிவிக்கையில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பத்து ஆண்டு ஒரே எண்ணில் உறைந்துகிடந்த அந்த 8000க்கு யார் பொறுப்பு என்று எந்த ஆணையரிடம் மனுப் போடுவது?

தாமதத்துக்காக முதலாளி மீது பாதித் தொகை வரை அபராதம் விதிக்க 4-ஏ பிரிவில் இடமுண்டு. அதை இன்சூரன்ஸ் கட்டாது, டிராவல்ஸ்காரர் கையிலிருந்துதான் போகும். கேட்கலாம் என்றேன். "வேணாம் சார். அந்த மனுசனும் டியூ கட்ட முடியாமத்தான் ஓட்டறாரு" என்றார் அந்த அம்மா. எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வழக்கு அவருடையது. விட்டுவிட்டோம்.

ஜப்பானில் இப்படி ஒவ்வொரு விதவையும் வக்கீல் வைத்து நிரூபிக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய வேலையால் மூளை, இதய நோயில் இறப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று அரசே 2001இல் வரையறை வைத்தது: நோய் தாக்குவதற்கு முந்தைய மாதத்தில் நூறு மணி நேரம், அல்லது முந்தைய இரண்டு முதல் ஆறு மாதங்களில் மாதத்துக்குச் சராசரி எண்பது மணி நேரம் கூடுதல் வேலை இருந்தால், வேலைக்கும் சாவுக்கும் வலுவான தொடர்பு உண்டு. எங்கள் நான்கு நோட்டுகளை அங்கே ஒரு குமாஸ்தா கூட்டிப் பார்த்தே முடித்திருப்பார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட கணக்குப்படி, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது. 2016இல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் இறந்தவர்கள் 7,45,000 பேர். இதற்குப் பிறகுதான், 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரி. கம்பெனி பஸ் டிரைவருக்கு அந்தப் பன்னிரண்டு மணிகூட எட்டாத சலுகையாக இருக்கிறது என்பதை அந்த விவாதத்தில் யாரும் பேசக் காணோம்.

மேல்முறையீட்டுக்கான அறுபது நாள் கடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மேலே போகவில்லை, தொகையை ஆணையரிடம் கட்டிவிட்டது. மகளின் பங்கு அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை வங்கி வைப்பில் போடப்பட்டது. மீதி மனைவிக்கும் டிரைவரின் தாயாருக்கும் பிரிந்தது.

அந்த 1923ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. ‘வேலையின்போதும் வேலையின் காரணமாகவும்’ என்ற நிபந்தனை அங்கும் அப்படியே நிற்கிறது. 2024இல் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தொழிற்சாலைக்குள்ளேயே பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். உங்கள் ஊர் வழியாகக் கம்பெனி பஸ் போனால், அதை ஓட்டுகிறவரின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஓட்டுகிறவர்கள் தங்கள் டிரிப் நேரத்தை ஒரு நோட்டில் தாங்களே எழுதி வீட்டில் வையுங்கள், டிராவல்ஸ் ஷீட்டை நம்பாதீர்கள். அசம்பாவிதம் நேர்ந்தால், பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்காதீர்கள்.